சித்தி குடும்பத்தை எங்கே கூட்டிப் போவது: கோட்டையா, புறக்கோட்டையா, சுதந்திர சதுக்கமா?

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ, இல்லை கனடா, லண்டன் பக்கமிருந்தோ சொந்தக்காரர் வந்து இறங்கினால் கொழும்பில் இருக்கிற எங்களிடம் கட்டாயம் கேட்பது இதுதான்: "பழைய கொழும்பையும் பார்க்கவேணும், வாய்க்கு ருசியாச் சாப்பிடவும் வேணும். ஒரு நாளுக்குள்ள எங்க போகலாம்?" காலியில் இந்தக் கேள்விக்கு யோசிக்கவே தேவையில்லை, கோட்டை மதிலுக்குள் போனால் இரண்டும் கிடைக்கும். கொழும்பில் அப்படியில்லை. திருத்தி வெள்ளையடித்த பழைய கட்டிடங்கள் ஒரு பக்கம் நிற்கின்றன, ஊர்ச் சாப்பாடு இன்னொரு பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு கான் மணிக்கூண்டு.

அதனால் எது நல்ல இடம் என்று கேட்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. யாரோடு போகிறீர்கள், எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எந்தக் கிழமையில் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டுக்குப் புறக்கோட்டை, கட்டிடத்துக்குக் கோட்டை, கைக்குழந்தையும் முழங்கால் வலியும் சேர்ந்து வந்தால் சுதந்திர சதுக்கம்.

முதலில் கோட்டை. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்தும் 1796இல் ஒல்லாந்தரிடமிருந்தும் கைமாறிய இடம். பெயர்தான் கோட்டை, மதில் ஒன்றையும் காணமாட்டீர்கள். பிரித்தானியர் 1869 தொடக்கம் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியிருப்பதில் வயது கூடியவற்றில் ஒன்று டச்சு ஹொஸ்பிட்டல். 1681 அளவிலேயே அது இயங்கிக்கொண்டிருந்ததற்குப் பதிவு உண்டு. துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பலில் நோய்ப்பட்டு வருகிற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்காரரைப் பார்ப்பதற்காகக் கட்டியது. மருந்து வைத்தியம் ஒழிந்து, கடைசியில் பொலிஸ் நிலையமாகவும் இருந்து, 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அடிபட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்தது. திருத்தி, 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள்.

திருத்திய வேலை நல்ல வேலை, அதை மறுக்க முடியாது. இரண்டு முற்றங்களைச் சுற்றி ஓட்டுக்கூரை தாழ்வாக இறங்கியிருக்கும். வெளியில் உலக வர்த்தக மையத்தின் கண்ணாடிக் கோபுரங்கள் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். முற்றத்துக்குள் கால் வைத்ததும் அந்தச் சூடு குறைவது தெரியும். சுவரின் பருமனைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ஜன்னல் ஓரத்தில் கையை நீட்டி வையுங்கள், முழங்கை வரை சுவருக்குள்ளேயே இருக்கும். தலைக்கு மேலே தேக்கு மரச் சட்டங்கள். படம் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பின்னேரம் ஐந்து மணி வெளிச்சம் அங்கே போதும்.

சாப்பாடு என்று வந்தால்தான் சங்கடம். அங்கே பேர்போனது மினிஸ்ட்ரி ஒஃப் கிராப். சமையல் வல்லுநர் தர்ஷன் முனிதாசவும், கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்த்தன, குமார் சங்கக்கார இருவரும் சேர்ந்து தொடங்கியது. இலங்கைக் களப்பு நண்டில் பெரியதெல்லாம் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிப் போய்விடும், உள்ளூர்க்காரருக்குச் சின்னதுதான் மிஞ்சும் என்ற நிலையில், அந்தப் பெரிய நண்டை இங்கேயே பரிமாறுவது என்று வந்த கடை. அரைக் கிலோ தொடங்கி இரண்டு கிலோ வரைக்கும் எடைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நண்டு அருமையாக இருக்கும். ஆனால் விலை வெளிநாட்டுப் பயணியை மனத்தில் வைத்துப் போட்ட விலை. யாழ்ப்பாணத்துச் சித்தியைக் கூட்டிப்போனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. முருங்கையிலை போட்டு, மிளகாய்த்தூள் கமகமக்க வீட்டில் வைக்கிற நண்டுக்கறியோடு ஒவ்வொரு கவளத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பா. பில் வரும்போது அந்த ஒப்பீடு இன்னும் உரக்கக் கேட்கும்.

பில் என்றதும் ஒன்று. கோட்டையில் உள்ள இந்த மாதிரிக் கடைகளில் மெனுவில் போட்டிருப்பது கடைசி விலை அல்ல. சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம், அதற்கு மேல் வற் வரி 18 வீதம். நாலு பேர் சாப்பிட்டால் அந்த மேல்பாரமே புறக்கோட்டையில் இன்னொரு சாப்பாட்டுக் காசு.

வேடிக்கை என்னவென்றால், ஒல்லாந்தர் கட்டிய ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்து ஒல்லாந்தர் வழி வந்த சாப்பாட்டைத் தேடுவது சரிப்படாது. அதற்கு ஆள் தும்முல்லைச் சந்திக்குப் போக வேண்டும். பறங்கியர் 1908இல் தொடங்கிய டச்சு பேர்கர் யூனியனில் லம்ப்றைஸ் கிடைக்கும். இறைச்சி அவித்த சாற்றில் வேகவைத்த சோறு, கலப்பு இறைச்சிக்கறி, பிரிக்கடெல் உருண்டை, கத்தரிக்காய் மோஜு, இறால் சேர்த்த சம்பல் எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து போறணையில் வைத்து எடுப்பார்கள். பொதியைப் பிரிக்கும்போது வாட்டிய இலையின் வாசம்தான் முதலில் வரும். அந்த வாசத்துக்காகவே சாப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்.

கோட்டையில் டச்சு ஹொஸ்பிட்டலோடு திரும்பிவிடாதீர்கள். சதாம் வீதியில் நேரே நடந்தால் சந்தி நடுவில் 1857இல் எழுந்த மணிக்கூண்டு நிற்கும். அதன் உச்சியிலேயே பிறகு வெளிச்சவீட்டு விளக்கையும் வைத்து இரண்டு வேலை வாங்கினார்கள். யோர்க் வீதியில் 1906இல் திறந்த கார்கில்ஸ் கட்டிடம், சிவப்புச் செங்கல். அந்த வீதியின் பழைய கட்டிடங்களில் கீழ்த்தளம் தூண் வரிசையாக உள்ளே ஒதுங்கியிருக்கும். நடைபாதை முழுக்கக் கூரை. திடீர் மழைக்கும் பன்னிரண்டு மணி வெயிலுக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு பிறகு யாரும் கொழும்பில் செய்யவில்லை. வீதி முடிவில் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல், படைவீரர் குடியிருப்பாக இருந்து 1875இல் ஹோட்டலானது. 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் தங்கியது இங்கேதான். நாலாம் மாடிச் சாப்பாட்டறையிலிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும். சாப்பாட்டை விட ஜன்னலுக்குத்தான் அங்கே காசு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் மனம் நோகாது.

எங்கள் வயதுக்காரருக்குக் கோட்டையில் நடப்பதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடையாள அட்டையைச் சட்டைப் பையின் மேலேயே வைத்துக்கொண்டு, எங்கே இருந்து வருகிறாய், எதற்கு வருகிறாய் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்த தெருக்கள் இவை. இன்று அதே தெருவில் பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு போகிறார்கள். திருத்தியது கட்டிடங்களை மட்டும்தானா என்று ஒரு யோசனை வரும். வரட்டும்.

இனிப் புறக்கோட்டை. ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கோட்டை ரயில் நிலையம் கோட்டைக்குள் இல்லை, புறக்கோட்டையின் வாசலில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கடலோரமாக ரயிலில் வந்து இறங்கினால் எதிரே தெரிவது புறக்கோட்டை. டச்சு ஹொஸ்பிட்டலுக்குத்தான் இன்னும் நடக்க வேண்டும். 100, 101 இலக்க பஸ்களும் காலி வீதி வழியாக வந்து இந்தப் பக்கம்தான் முடியும். கார் எடுத்து வராதீர்கள். நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் ஒரு தோசையே சாப்பிட்டு முடித்துவிடலாம்.

பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பமான கான் குடும்பத்தார் 1923இல் எழுப்பிய மணிக்கூண்டிலிருந்து தொடங்குங்கள். மெயின் வீதிக்குள் நுழைந்ததும் நடைபாதை என்று ஒன்று இல்லாமல் போய்விடும். "ஓரம், ஓரம்!" என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஒதுங்க வேண்டும், நாட்டாமி ஒருவர் தலையில் மூட்டையோடோ கைவண்டியோடோ வந்துகொண்டிருப்பார். ஏற்றின பாரத்தோடு அவரால் நிற்க முடியாது, ஒதுங்க வேண்டியது நாங்கள்தான். ஒவ்வொரு குறுக்குத் தெருவுக்கும் ஒரு சரக்கு. நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் மூட்டைகள். யாராவது ஒரு மூட்டையை உலுக்கிவிட்டால் தெருவே தும்மும். கேபோஸ் லேனில் நாட்டு மருந்துக் கடைகள், வேரும் பட்டையும் சாக்கில் நிறைந்து நிற்கும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக நிற்பது ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், கொழும்பு ஆட்களுக்குச் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. இந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்களுக்காக ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை வடிவமைத்தது. தொழுகை இல்லாத நேரத்தில், அடக்கமான உடுப்போடு போனால் உள்ளேயும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். ஜும்ஆவுக்குத் தெரு நிறைந்திருக்கும், பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால அரும்பொருட்காட்சியகம், 1690களில் ஆளுநர் தோமஸ் வான் ரே குடியிருந்த மாளிகை. வெளியில் நின்று அந்தத் தூண்களைப் பார்ப்பதே ஒரு காரியம், இரண்டு பக்கமும் சாமான் கடைகள் நெருக்க, நடுவில் தடித்த தூண்களோடு அது அசையாமல் நிற்கிறது. மெயின் வீதி முடிவில் 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம். மாடியில் அந்தக் காலத்து மாநகர சபைக் கூட்டத்தை உருவப் பொம்மைகளாக மேசையைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். கோட்டுப் போட்ட பொம்மைகள் எதையோ தீர்மானிக்கிற பாவனையில் இருக்க, கீழே உயிருள்ள நடைபாதை வியாபாரிகள் தார்ப்பாய் விரித்துத் தங்கள் பாட்டைப் பார்க்கிறார்கள். சிறுவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

அங்கிருந்து செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் தங்க நகைக் கடை, நடுவில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். 1983 யூலையில் எரிந்த கடைகளில் பல இங்கேயும் மெயின் வீதியிலும் இருந்தவை. அதைச் சொல்கிற ஒரு பலகை என் கண்ணில் பட்டதில்லை. கடைகள் திரும்பவும் எழும்பி நிற்பதைத்தான் காட்ட முடியும். இன்னும் கொஞ்சம் நடந்தால் கொச்சிக்கடை. பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை கருங்கல்லில் திரும்பக் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுக்குப் பின் சில வாரங்களிலேயே திருத்தித் திறந்த அந்தோனியார் கோயிலும் அங்கே. கருங்கல் தூண்களுக்கிடையில் நடக்கும்போது மதுரைப் பக்கம் போன மாதிரி இருக்கும், வெளியே வந்தால் லொறி ஹோர்ன். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், ஆகையால் இந்தப் பக்கம் காலையிலேயே வரவேண்டும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். செட்டியார் தெருச் சைவக் கடைகளில் காலை ஒன்பது மணிக்குத் தோசைக்கல் ஓயாது. தட்டில் லஞ்ச் ஷீட் விரித்து, அதில் தோசை, பக்கத்தில் சாம்பார், வெள்ளைச் சம்பல், சிவப்புச் சம்பல். கேட்காமலே இரண்டு உளுந்து வடையும் ஒரு தட்டில் வந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் "இதை நாங்கள் ஓடர் பண்ணவில்லையே" என்று முழிப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ரோல்ஸ், பட்டிஸ், சமோசா அடுக்கிய தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவதும், எழும்பும்போது எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி அதற்கு மட்டும் காசு வாங்குவதும் இந்த ஊர் வழக்கம். தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பதுதான் மரியாதையில்லை. கோட்டைக் கடைகளில் மெனுவை வாசிக்கிற நேரத்தில் இங்கே சாப்பிட்டு, பிளேன்ரீயும் குடித்து, கையும் கழுவி வெளியே வந்துவிடலாம்.

மதியத்துக்கு முஸ்லிம் கடைகளில் புரியாணி. பன்னிரண்டரைக்குள் போனால் சட்டியின் நடுப்பகுதி கிடைக்கும், இரண்டு மணிக்குப் போனால் அடி. சுத்தம் பார்க்கிறவர்கள் கூட்டம் உள்ள கடையாகப் பாருங்கள். சாமான் தேங்காமல் ஓடுகிற கடையில் பழசு இருக்காது, அவ்வளவுதான் சூத்திரம். தெருவில் வண்டிக்காரர் அன்னாசி, மாங்காய், வெரளு எல்லாம் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டித் தருவார்கள். "நானா, காரம் குறைச்சுப் போடுங்கோ" என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் லண்டன் பிள்ளைகள் கண்ணீர் விடும். வெட்டி வைத்த பழத்தை விட, கண் முன்னே வெட்டுகிற பழத்தை வாங்குவது வயிற்றுக்கு நல்லது. ஃபலூடாவில் ஐஸ் கட்டி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் ஃபலூடாவை விட்டுவிடுங்கள்.

புறக்கோட்டையின் குறையையும் சொல்ல வேண்டும். கழிப்பறை பெரிய பிரச்சினை. சாப்பிடுகிற கடையிலேயே கேட்டுப் போய்விடுவது உத்தமம், தெருவில் இறங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. வெயில் ஏறினால் நிழல் இல்லை. சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. பின்னேரம் ஆறு மணி தாண்டினால் ஷட்டர் எல்லாம் இறங்கி, காலையில் பார்த்த தெருவா இது என்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பூட்டு, ஆனால் பூட்டிய கடைகளுக்கு முன்னால் நடைபாதை வியாபாரம் நடக்கும். கட்டிடங்களின் மாடிகளை நிம்மதியாக அண்ணாந்து பார்க்க அந்த நாள்தான் வசதி. பழைய மரப் பல்கணிகளும் எழுத்து மங்கிய பெயர்ப்பலகைகளும் அங்கே மாடியில்தான் இருக்கின்றன. வார நாளில் அண்ணாந்தால் நாட்டாமி மோதிவிடுவார். பெஸ்டியன் மாவத்தை மிதக்கும் சந்தையை யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. 2014இல் திறந்தபோது அழகு, பிறகு பேர வாவித் தண்ணீரின் நாற்றம் வென்றுவிட்டது.

சுதந்திர சதுக்கத்து ஆர்க்கேட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1880களில் ஜாவத்தை மனநோயாளர் வைத்தியசாலையாகக் கட்டி, பிறகு அரச அலுவலகமாக இருந்து, 2014இல் கடைத்தொகுதியாகத் திரும்பிய வெள்ளை மாளிகை. பக்கத்தில் பழைய குதிரைப் பந்தயத் திடலும் அப்படியே திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாக இருந்த இடம் அது. கார் நிறுத்தலாம், சுத்தமான கழிப்பறை உண்டு, தள்ளுவண்டி போகும், ஏசி இருக்கும். சாப்பாடு எந்த நகரத்துக் கடைத்தொகுதியிலும் கிடைக்கிற சாப்பாடு. அதனால் இந்தப் பக்கம் போவதாக முடிவானால் நான் செய்வது, தும்முல்லையில் லம்ப்றைஸை முடித்துக்கொண்டு ஆர்க்கேட்டுக்குக் கோப்பி குடிக்க மட்டும் போவது. இரண்டுக்கும் இடையில் ஓட்டோவில் சில நிமிடம்தான்.

இனி முடிவுக்கு வருவோம். வார நாளில், நடக்கக்கூடிய ஆட்களோடு, ஒரு முழு நாள் கையில் இருந்தால் காலை எட்டரைக்குக் கொச்சிக்கடையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள்: கோயில், செட்டியார் தெருவில் தோசை, நகர மண்டபம், பள்ளிவாசல், புரியாணி. நகைக்கடைக்குள் சித்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பள்ளிவாசலையும் புரியாணியையும் ஒரே அடியில் இழப்பீர்கள். வெயில் உச்சியில் ஏறும்போது கான் மணிக்கூண்டைத் தாண்டி யோர்க் வீதித் தூண் நிழலுக்குள் போய்விடலாம், பதினைந்து நிமிட நடை. டச்சு ஹொஸ்பிட்டலில் உட்கார்ந்து ஒரு குளிர்பானம் குடிக்கலாம், சாப்பாடு வேண்டாம். வெயில் தாழக் காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் முடித்த கடலோர நடைபாதை, இன்றைக்கும் காசில்லாமல் காற்று வாங்க விடுகிற இடம். அங்கே வண்டியில் இறால் வடை: தட்டையான பருப்பு வடையின் மேல் முழு இறால்கள் ஓட்டோடு பதிந்திருக்கும், அதை வெட்டி வெங்காயமும் மிளகாய்ச் சாறும் ஊற்றித் தருவார்கள். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதைத் தரவிடாமல், திரும்ப எண்ணெயில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கடல் காற்றில் அரை மணி நேரத்தில் அது நமுத்துப் போகும்.

பின்னேரம் மட்டும்தான் நேரம் என்றால் புறக்கோட்டையை விட்டுவிட்டுக் கோட்டையும் காலிமுகத்திடலும். ஞாயிறு என்றால் கோட்டையில் ஆள் குறைவு, படம் எடுக்க நல்லது, ஆனால் அலுவலகக்காரருக்காகத் திறக்கிற சோற்றுப் பார்சல் கடைகள் இருக்காது. போயா (பௌர்ணமி) நாளில் மதுவும் இறைச்சியும் விற்பனைக்கு இல்லை, பல கடைகளும் பூட்டு. சைவக்காரருக்கு அதில் நட்டம் இல்லை, செட்டியார் தெருவுக்கு நேரே போகலாம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, மருமகளுக்குக் கைக்குழந்தை என்றால் ஆர்க்கேட்டும் லம்ப்றைஸும். அப்போதும் வீட்டில் நிற்கிற இளசுகளை மறுநாள் காலை ரயிலில் புறக்கோட்டைக்கு அனுப்பிவிடுங்கள், கையில் சில்லறைக் காசும் ஒரு போத்தல் தண்ணீரும் கொடுத்து. காட் இழுக்கிற மெஷின் எல்லாக் கடையிலும் இல்லை.